பிரைமரி கீயின் மதிப்பை மாற்றலாமா? வங்கிக் கிளைக் குறியீடுகளை முன்வைத்து ஒரு பதில்

கேள்வியின் சாரம் இது. ஓர் ஊதியப் பட்டியல் மென்பொருளில் வங்கிக் கிளைகளுக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடுதான் அதன் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் (ரோ) தனித்துக் காட்டும் மதிப்பு. ஊழியர்களின் வங்கிக் கணக்குகள், பொருள் வழங்குவோரின் கணக்குகள், மாதந்தோறும் அனுப்பிய சம்பளப் பட்டுவாடாக்கள் ஆகிய மூன்று அட்டவணைகள் அந்தக் குறியீட்டை ஃபாரின் கீயாக, அதாவது வேறோர் அட்டவணையின் வரிசையைக் காட்டும் மதிப்பாக, சுட்டுகின்றன. வங்கிகள் இணைந்ததில் குறியீடுகள் மாறிவிட்டன. பிரைமரி கீயை எந்நாளும் தொடக் கூடாது என்கிறார் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர். ஆன் அப்டேட் கேஸ்கேட், அதாவது கீ மாறினால் அதைச் சுட்டும் இடங்களும் தானாக மாறும் ஏற்பாடு, போட்டுவிட்டால் ஒரே கட்டளையில் வேலை முடிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். ஃபாரின் கீ சரிபார்ப்பைச் சற்று நேரம் அணைத்துவிட்டு மாற்றலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. எதைச் செய்வது?

மூத்தவர் சொல்வது விதியன்று, நல்லெண்ண அறிவுரை. கேஸ்கேட் யோசனை மூன்று அட்டவணைகளில் இரண்டுக்குப் பொருந்தும்; மூன்றாவதில் அது பழைய கணக்கையே திருத்தி எழுதிவிடும். அணைத்துவிட்டு மாற்றும் யோசனையைக் கைவிடுங்கள். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கோட்பாட்டைப் பார்ப்போம். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில்தான், தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்பு மாதிரியும் பிரைமரி கீ என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டன. ஒரு வரிசையை மற்ற வரிசைகளிலிருந்து பிரித்துக் காட்டும் மதிப்பு அது. இரு வரிசைகளில் ஒரே மதிப்பு வரக் கூடாது என்பதே அதன் அடிப்படை நிபந்தனை. தரவுத்தளங்களுக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல்லின் நியமமும் பிரைமரி கீ புலத்தை அப்டேட் செய்வதைத் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமன்றி, 1992ஆம் ஆண்டு நியமத்தில் ஆன் அப்டேட் கேஸ்கேட் என்ற வசதியையே வரையறுத்து வைத்திருக்கிறது. காட் 1979இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் இச்சிக்கலை நேராகவே தொடுகிறார்: பயனர் கையில் இருக்கும் கீயின் மதிப்பு மாறக்கூடியதுதான், இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் ஊழியர் எண்கள் மாற வேண்டி வரலாம் என்று சொல்லி, அதற்கு மாற்றாகப் பயனர் தொடாத, அமைப்பே உருவாக்கிக்கொள்ளும் பதிலிக் கீயை முன்மொழிகிறார். நீங்கள் எதிர்கொண்டிருப்பது ஏறக்குறைய அதே உதாரணத்தின் வங்கி வடிவம்.

இனி அந்தக் குறியீட்டை நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விடை அதற்குள்தான் இருக்கிறது. ஐஎஃப்எஸ்சி 11 எழுத்துகள் கொண்டது: முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் சுழியம், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடன் இணைந்தது. அதே நாளில் அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன் இணைந்தது. சிண்டிகேட் கிளைகளின் பழைய குறியீடுகள் உடனே சாகவில்லை. 2021 ஜூன் 30 வரை செல்லுபடியாகி, ஜூலை 1 முதல்தான் நின்றன. எஸ்ஒய்என்பி0003687 என்று இருந்த கிளை சிஎன்ஆர்பி0013687 என்று ஆனது. முதல் நான்கு எழுத்துகளை மட்டும் மாற்றாமல் கிளை எண்ணோடு பத்தாயிரத்தையும் கூட்டியிருப்பதைக் கவனியுங்கள். கனராவுக்கு ஏற்கெனவே 3687 என்ற எண்ணில் ஒரு கிளை இருந்தால் அதனோடு இது மோதாமல் இருக்க அந்தப் பத்தாயிரம் உதவுகிறது. இரண்டு தரவுத்தளங்களை இணைக்கும்போது ஒரு பக்கத்து எண்களை மொத்தமாகத் தள்ளிவைக்கும் அதே உத்தி இது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, கிளை அதேதான். அதே கட்டடம், அதே கணக்குகள், அதே வாடிக்கையாளர்கள். மாறியது அதன் பெயர்ச்சீட்டு. இரண்டு, சில காலம் ஒரே கிளைக்கு இரண்டு குறியீடுகளும் செல்லுபடியாயின. பிரைமரி கீ ஒரு நேரத்தில் ஒரு மதிப்பைத்தான் தாங்கும். ஆகவே உங்கள் அட்டவணை, நடந்த உண்மையை எந்த அப்டேட் கட்டளையாலும் முழுமையாகச் சொல்ல முடியாத வடிவத்தில் இருந்தது. எப்படி மாற்றுவது என்பதைவிட முன்னதாகக் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்த மதிப்பு கிளையின் அடையாளமா, அல்லது கிளையைப் பற்றிய ஒரு தகவலா?

கேஸ்கேடின் செயல் எளிமையானது. தாய் அட்டவணையில், இங்கே கிளை அட்டவணையில், குறியீடு மாறும்போது, அதைச் சுட்டும் எல்லாச் சேய் வரிசைகளிலும் தரவுத்தளமே புதிய மதிப்பை எழுதிவிடுகிறது. அனைத்தும், முழுதாக முடியும் அல்லது எதுவுமே நடக்காத தொகுப்பான ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடக்கிறது. ஊழியரின் வங்கிக் கணக்கு அட்டவணையில் இதுதான் வேண்டியது, ஏனென்றால் அந்த வரிசை சொல்வது "அடுத்த மாதச் சம்பளத்தை எங்கே அனுப்ப வேண்டும்" என்பதை. பொருள் வழங்குவோர் கணக்குக்கும் அப்படியே. பட்டுவாடா அட்டவணையின் கதை வேறு. 2019 ஆகஸ்ட் மாதச் சம்பளம் எஸ்ஒய்என்பி என்று தொடங்கும் குறியீட்டுக்குத்தான் போனது; வங்கி கொடுத்த அறிக்கையிலும் அதுவே அச்சாகியிருக்கும். கேஸ்கேடுக்குப் பிறகு உங்கள் மென்பொருளில் அதே பட்டுவாடா சிஎன்ஆர்பி குறியீட்டைக் காட்டும். அந்தக் குறியீடு அன்றைக்கு இருக்கவே இல்லை. தணிக்கையாளர் வங்கி அறிக்கையையும் உங்கள் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது ஒவ்வொரு வரியும் பொருந்தாமல் போகும். பழைய மதிப்பு வேறெங்கும் பதிவாகவில்லையென்றால் மீட்கவும் வழியில்லை. நடப்பு நிலையைச் சொல்லும் சுட்டு எது, நடந்த நிகழ்வைச் சொல்லும் பதிவு எது என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. ஃபாரின் கீ இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் எழுதப்படுகிறது. பிரித்தறியும் பொறுப்பு வடிவமைப்பவருடையது.

இந்த ஆபத்தைப் புரிந்துகொண்டு, முதல் இரண்டு அட்டவணைகளுக்கு மட்டும் கேஸ்கேட் வைக்க முடிவு செய்தால், உங்கள் தரவுத்தளம் எது என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் இந்த வசதி உண்டு. எஸ்கியூஎல் சர்வரில் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் ஒரே அட்டவணைக்கு இரண்டு வழிகளில் கேஸ்கேட் வந்து சேருமானால் அந்தக் கட்டுப்பாட்டை உருவாக்கவே அது மறுத்துவிடும். எஸ்கியூலைட்டிலும் உண்டு, ஆனால் ஃபாரின் கீ சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருப்பதால், ஒவ்வோர் இணைப்பிலும் பிராக்மா கட்டளை கொடுத்து இயக்காவிட்டால் கேஸ்கேட் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. ஆரக்கிளில் ஆன் அப்டேட் கேஸ்கேட் என்பதே கிடையாது. தாய் வரிசையை நீக்கும்போது செயல்படும் ஆன் டெலீட் மட்டும்தான் உண்டு. ஆரக்கிள்காரர்கள் பிரைமரி கீயை மாற்றவே கூடாது என்பதில் மற்றவர்களைவிடப் பிடிவாதமாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேஸ்கேட் இல்லாத இடத்தில் செய்ய வேண்டியது நீளமானது, ஆனால் சிக்கலற்றது. புதிய குறியீட்டோடு கிளை வரிசையைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். சேய் வரிசைகளைப் புதிய குறியீட்டுக்குத் திருப்ப வேண்டும். பிறகு பழைய வரிசையை நீக்க வேண்டும். மூன்றும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்க வேண்டும். உங்கள் நிலையில் இந்த வழிக்கு ஒரு நன்மையும் உண்டு: எந்த அட்டவணையைத் திருப்புவது, எதை அப்படியே விடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது, பட்டுவாடாக்கள் பழைய வரிசையையே சுட்டிக்கொண்டிருக்கலாம் என்று முடிவு செய்தால் கடைசிப் படியை விட்டுவிட்டு, பழைய வரிசைக்குச் "செயலில் இல்லை" என்று ஒரு குறி மட்டும் வைக்கலாம். ஒரே தடை, கிளை அட்டவணையில் வேறு ஏதேனும் புலத்துக்கு, ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற தனித்தன்மைக் கட்டுப்பாடு இருந்தால், காசோலைகளில் வரும் எம்ஐசிஆர் எண்ணுக்கு இருப்பதுபோல், இரு வரிசைகளிலும் அதே எண்ணை ஒரே நேரத்தில் வைக்க முடியாது. பழைய வரிசையில் அதைக் காலியாக்கிவிட்டுப் புதியதில் எழுத வேண்டியிருக்கும்.

ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் இன்னொரு பாதையும் இருக்கிறது. ஃபாரின் கீயைத் தள்ளிப்போடத்தக்கதாக, அதாவது டெஃபரபிள் என்று அறிவித்திருந்தால், சரிபார்ப்பை கமிட் வரை, அதாவது மாற்றங்களை உறுதிசெய்யும் கட்டளை வரை, ஒத்திவைத்துவிட்டுத் தாயையும் சேயையும் முன்பின்னாக எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். கமிட் செய்யும் கணத்தில் எல்லாம் பொருந்தினால் போதும். சரிபார்ப்பை அணைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இங்கே சரிபார்ப்பு தாமதமாகிறது, ஆனால் நடந்தே தீரும். மைஎஸ்கியூஎல்லில் ஃபாரின்_கீ_செக்ஸ் மதிப்பைச் சுழியமாக்கி மாற்றங்களைச் செய்துவிட்டு மீண்டும் ஒன்றாக்கினால், இடையில் எழுதப்பட்ட வரிசைகளை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. அணைத்திருந்த நேரத்தில் கேஸ்கேடும் நடப்பதில்லை. எஸ்கியூஎல் சர்வரில் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு, இருக்கும் தரவைச் சரிபார்க்கச் சொல்லாமல் மீண்டும் இயக்கினால், அந்தக் கட்டுப்பாடு "நம்பத்தகாதது" என்ற முத்திரையோடு கிடக்கும். தாயில்லாச் சேய் வரிசைகள் இப்படித்தான் தரவுத்தளத்துக்குள் நுழைகின்றன. பல மாதங்கள் கழித்து ஓர் அறிக்கையில் கூட்டுத்தொகை பொருந்தாதபோதுதான் அவை கண்ணில் படும்.

பல வரிசைகளின் கீயை ஒரே கட்டளையில் மாற்றும்போது எழும் ஒரு சிக்கலைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. ஒன்று முதல் நூறு வரை எண்கள் கொண்ட அட்டவணையில் எல்லா எண்களோடும் ஒன்றைக் கூட்டுங்கள் என்று ஒரே அப்டேட் கொடுத்தால், முடிவில் இரண்டு முதல் நூற்றொன்று வரை இருக்கும், எதுவும் மோதாது. எஸ்கியூஎல் நியமப்படி இது நடக்க வேண்டும், ஆரக்கிளிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் நடக்கும், ஏனென்றால் அவை கட்டளை முடிந்த பின் நிலவும் நிலையைத்தான் சோதிக்கின்றன. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகியவை ஒவ்வொரு வரிசையாகச் சோதிப்பதால், ஒன்றை இரண்டாக்கும் முதல் அடியிலேயே அங்கே ஏற்கெனவே ஓர் இரண்டு இருக்கிறது என்று நின்றுவிடக்கூடும். மைஎஸ்கியூஎல்லில் அப்டேட் கட்டளையோடு இறங்குவரிசை கொடுத்து நூறிலிருந்து கீழே வரச் செய்யலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் பிரைமரி கீயையே டெஃபரபிள் என்று அறிவிக்கலாம், ஆனால் அப்படி அறிவித்த கீயை வேறோர் அட்டவணையின் ஃபாரின் கீ சுட்ட முடியாது. சுட்டுகள் இருக்கும் அட்டவணையில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. எல்லாத் தரவுத்தளங்களிலும் பலிக்கும் வழி இரண்டு கட்டமாக மாற்றுவது: முதலில் எதனோடும் மோதாத தொலைவான எண்வெளிக்கு எல்லாவற்றையும் நகர்த்தி, பிறகு வேண்டிய மதிப்புக்குக் கொண்டுவருவது. உங்கள் குறியீடுகளில் முன்னெழுத்தே மாறுவதால் பழையதும் புதியதும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

கீயை இண்டெக்ஸ், அதாவது மதிப்புகளை ஏறுமுகமாக அடுக்கிய தேடுபட்டியல், வழியாகப் படித்துக்கொண்டே மாற்றினால், மாற்றிய வரிசை முன்னே நகர்ந்து மறுபடி கண்ணில் படாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1976இல் ஐபிஎம் ஆய்வாளர்கள், 25,000 டாலருக்குக் கீழ் ஊதியம் பெறுவோருக்குப் பத்து விழுக்காடு உயர்வு கொடுக்கும் கட்டளையை இயக்கியபோது, ஊதிய இண்டெக்ஸில் முன்னே நகர்ந்த ஊழியர்கள் மீண்டும் மீண்டும் அகப்பட்டு, அனைவரும் 25,000த்தை எட்டும்வரை உயர்வு பெற்றார்கள். அது ஹாலோவீன் நாளில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயரிலேயே ஹாலோவீன் சிக்கல் எனப்படுகிறது. இன்றைய தரவுத்தளங்கள் இதை உள்ளேயே தடுத்துக்கொள்கின்றன. நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது செலவைப் பற்றி. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் அட்டவணையே பிரைமரி கீயின் ஏறுமுகத்தில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. கீ மாறினால் வரிசை ஓரிடத்திலிருந்து நீங்கி வேறிடத்தில் நுழைகிறது. போதாததற்கு, மற்ற எல்லா இண்டெக்ஸ்களும் வரிசையைக் கண்டுபிடிக்கப் பிரைமரி கீயின் மதிப்பைத்தான் வைத்திருக்கின்றன. எனவே அவையும் திருத்தப்படுகின்றன. போஸ்ட்கிரெஸ்ஸில் அந்த அமைப்பு இல்லை, ஆனால் ஒருவர் மாற்றும்போது மற்றவரைக் காக்கவைக்கும் பூட்டு விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது: 9.3 பதிப்பு முதல், கீ அல்லாத புலங்களை மாற்றும்போது தாய் வரிசையின் மீது மென்மையான பூட்டுதான் விழுகிறது, அதே நேரத்தில் வேறொருவர் சேய் வரிசை சேர்க்கலாம். கீயை மாற்றினால் கடினமான பூட்டு விழும். அந்தக் கிளைக்குப் புதிய ஊழியர் கணக்கைச் சேர்க்க முயல்பவர் உங்கள் டிரான்சாக்‌ஷன் முடியும்வரை காத்திருப்பார். மேலும், ஃபாரின் கீ புலத்துக்குப் போஸ்ட்கிரெஸ்ஸோ ஆரக்கிளோ தானாக இண்டெக்ஸ் போடுவதில்லை, இன்னோடிபி போடும். இண்டெக்ஸ் இல்லாத பெரிய சேய் அட்டவணையின் மீது கேஸ்கேட் வைத்திருந்தால், மாறும் ஒவ்வொரு கிளைக்கும் அந்த அட்டவணை முழுவதும் தேடப்படும். ஆரக்கிளில், கேஸ்கேட் இல்லாவிட்டாலும், தாயின் கீ மாறும்போது அத்தகைய சேய் அட்டவணை முழுவதுமே பூட்டப்படும். மாற்றத்துக்கு முன்பு இந்த ஒன்றை மட்டுமாவது சரிபார்த்துவிடுங்கள்.

மாற்றம் நேர்ந்தால் தானாக இயங்கும் டிரிகர் வைத்து மாற்றங்களைப் பதிவு செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மைஎஸ்கியூஎல் 8.0 இன்னோடிபியில், கேஸ்கேடால் சேய் வரிசையில் நேரும் மாற்றத்துக்குச் சேய் அட்டவணையின் டிரிகர் இயங்காது. தணிக்கைத் தடம் முழுமையாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான வரிசைகள் தடமின்றி மாறியிருக்கும்.

நிரலின் பக்கமும் பாருங்கள். பைத்தான் மொழிக் கட்டமைப்பான ஜாங்கோவில் ஒரு பொருளின் பிரைமரி கீயை மாற்றிவிட்டு சேவ் என்று அழைத்தால் பழைய வரிசை மாறாது. புதிய கீயோடு இரண்டாவது வரிசை ஒன்று உருவாகும். ஜாவா மொழிக் கருவியான ஹைபர்னேட் அடையாளத்தை மாற்றவே அனுமதிக்காமல் பிழை எறியும். ஆக, இத்தகைய மாற்றத்தைச் செயலியின் திரை வழியாகச் செய்யாமல், தரவுத்தளத்தில் நேரடியாக எழுதிய, முன்கூட்டிச் சோதித்த கட்டளைத் தொகுப்பு வழியாகச் செய்வதே முறை. தரவுத்தளத்துக்கு வெளியே போய்விட்ட பிரதிகளை, அதாவது மின்னஞ்சலில் அனுப்பிய எக்செல் கோப்புகள், வேறு மென்பொருள் இறக்கிக்கொண்ட பட்டியல்கள், இணைய முகவரிக்குள் பதிந்த குறியீடுகள் ஆகியவற்றை, எந்தக் கேஸ்கேடும் எட்டாது. அவற்றுக்காகவாவது பழையதையும் புதியதையும் இணைத்துக் காட்டும் ஓர் அட்டவணையை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும்.

வங்கி இணைப்பில் இன்னும் கடினமான ஒரு வகை உண்டு: அருகருகே இருந்த இரண்டு கிளைகளை ஒன்றாக்கிவிடுவது. அப்போது புதிய குறியீடு ஏற்கெனவே உங்கள் அட்டவணையில் வேறொரு வரிசையின் கீயாக இருக்கும். அப்டேட் மோதும், மோதத்தான் வேண்டும். இங்கே கீ மாறவில்லை. இரண்டு பொருள்கள் ஒன்றாகியிருக்கின்றன. மூடிய கிளையின் சேய் வரிசைகளை நீடிக்கும் கிளைக்குத் திருப்பிவிட்டு, மூடிய கிளையை மூடியதாகக் குறிக்க வேண்டும். திருப்புவதற்கு முன், ஊழியர் எண்ணும் கிளையும் சேர்ந்து தனித்தன்மையாக இருக்கும் அட்டவணைகளைத் தேடிப் பாருங்கள். ஒரே ஊழியருக்கு இரு கிளைகளிலும் கணக்கு இருந்தால் அங்கே மோதல் வரும். எந்தக் கணக்கில் சம்பளம் போக வேண்டும் என்பதைத் தரவுத்தளம் முடிவு செய்ய முடியாது. அந்த ஊழியரைத்தான் கேட்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, உங்கள் அட்டவணைக்கு நான் பரிந்துரைப்பது வடிவத்தையே மாற்றுவதைத்தான். கிளைக்குப் பொருளற்ற ஓர் எண்ணைப் பிரைமரி கீயாகக் கொடுங்கள். ஐஎஃப்எஸ்சியைத் தனி அட்டவணைக்கு நகர்த்தி, கிளை எண், குறியீடு, செல்லுபடியாகும் முதல் நாள், கடைசி நாள் என்று நான்கு புலங்கள் வையுங்கள். சிண்டிகேட் கிளைக்கு இரண்டு வரிசைகள் இருக்கும், இரண்டின் தேதிகளும் சில காலம் ஒன்றன்மேல் ஒன்று படியும், அது பிழையன்று, நடந்தது அப்படித்தான். பட்டுவாடா அட்டவணையில் கிளை எண்ணோடு, அனுப்பிய நேரத்தில் பயன்பட்ட குறியீட்டையும் வெறும் எழுத்தாகப் பதிந்துவையுங்கள். அதற்கு ஃபாரின் கீ வேண்டாம். கட்டணச் சீட்டில் அச்சிட்ட விலை பிற்பாடு விலைப்பட்டியல் மாறினாலும் மாறாமல் இருப்பதுபோல், அதுவும் மாறாமல் இருக்கும்.

பொருளற்ற எண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று குறியீட்டின் தனித்தன்மைக் கட்டுப்பாட்டை எடுத்துவிடும் பழக்கம் நம்மிடையே அதிகம். எடுத்தால், ஒரே கிளை இரண்டு எண்களில் நுழையும். எந்தக் கீயும் அதைத் தடுக்காது. அதே சமயம், எல்லா அட்டவணைக்கும் எண் கீதான் வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு உடன்பாடில்லை. "நிலுவை", "செலுத்தியாயிற்று", "ரத்து" என்று நீங்களே வரையறுத்த நிலைக்குறியீடுகள் போன்றவற்றுக்கு அக்குறியீடே கீயாக இருக்கலாம். அதன் மீது அதிகாரம் உங்களுடையது, மாற்றுவதும் மாற்றாதிருப்பதும் உங்கள் முடிவு. ஐஎஃப்எஸ்சியின் மீது அதிகாரம் உங்களுடையதன்று. வெளியார் வழங்கும் குறியீட்டைக் கீயாக்கும்போது இந்த ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். 2007 ஜனவரி 1 முதல் பத்து இலக்க ஐஎஸ்பிஎன் பதின்மூன்று இலக்கமாக ஆனபோது, அதைக் கீயாக வைத்திருந்த நூலக, புத்தகக் கடை மென்பொருள்களுக்கும் இதே நிலைதான்.

பொருளற்ற எண்ணையும் எப்போதாவது மாற்ற வேண்டி வரும், குறிப்பாக இரண்டு தரவுத்தளங்களை இணைக்கும்போது. எஸ்கியூஎல் சர்வரில் தானாக எண் வழங்கும் ஐடென்டிட்டி புலத்தை அப்டேட் செய்யவே முடியாது. புதிய எண்ணோடு சேர்த்துவிட்டுப் பழையதை நீக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் பெரும்பாலும் மாற்றலாம், ஆனால் எண்களை வழங்கும் சீக்வென்ஸுக்கு அது தெரியாது. அதை மேலே நகர்த்த மறந்தால், பிற்பாடு ஒரு நாள் புதிய வரிசை சேர்க்கும் ஒரு சாதாரண இன்சர்ட் தோற்கும். மைஎஸ்கியூஎல்லில் 8.0க்கு முந்தைய பதிப்புகளிலும் இதே தொல்லை வரலாம், 8.0 முதல் புதிய பெரிய எண்ணை அது நினைவில் வைத்துக்கொள்கிறது.

உடனடியாகச் செய்ய வேண்டியது இதுதான். வங்கி வெளியிட்ட பட்டியலைக் கொண்டு பழைய குறியீடு, புதிய குறியீடு என்ற இரு புலங்கள் கொண்ட அட்டவணையை நிரப்புங்கள். பத்தாயிரத்தைக் கூட்டும் சூத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள், இணைந்து மூடிய கிளைகள் அதில் அடங்கா. புதிய குறியீடு இருமுறை வருகிறதா, ஏற்கெனவே கிளை அட்டவணையில் இருக்கிறதா என்று இரண்டு வினவல்களால் பாருங்கள். அவையே ஒன்றாகிய கிளைகள். பட்டுவாடா அட்டவணையில் பழைய குறியீட்டை எழுத்துப் புலத்துக்குப் பிரதி எடுத்துவிட்டு, அதன் ஃபாரின் கீயை நீக்குங்கள். பிறகுதான் மற்ற இரண்டையும் மாற்ற வேண்டும். கமிட் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு சேய் அட்டவணையிலும் மொத்த வரிசைகளின் எண்ணிக்கை மாறவில்லை என்பதையும், எஸ்ஒய்என்பி என்று தொடங்கும் நடப்புக் கணக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதையும், அப்படித் தொடங்கும் பழைய பட்டுவாடாக்கள் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.